ஆலெப் முதல் தௌ வரை: தமிழ்த் திருச்சபைப் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கனம் பொருந்திய போதகர்களுக்கும், கன்வென்ஷன் மேடைகளில் செய்தி கொடுக்கும் ஊழியர்களுக்கும், வேதாகமக் கல்லூரிகளில் எபிரெயம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் ஆண்டவர் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் என் வாழ்த்துகள்.

எங்கள் சபையில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் கூடும் வேதபாட வகுப்பை 11 ஆண்டுகளாக நடத்திவருகிறேன். சில மாதங்களுக்கு முன் 119-ஆம் சங்கீதத்தை எடுத்தோம். எழுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர், ஓரங்கள் மஞ்சளேறிய தம் வேதாகமத்தை என் பக்கம் திருப்பி, பகுதிகளுக்கு மேலே அச்சிட்டிருக்கும் ஆலெப், பேத், கிமெல் என்ற சொற்களின்மேல் விரலை வைத்தார். கோராகின் புத்திரர், ஆசாப் என்பதைப்போல இவையும் பாடகர்களின் பெயர்கள் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தாராம். அண்மையில் ஒரு கூட்டத்தில், இவை எபிரெய எழுத்துகள் என்றும், ஒவ்வொன்றிலும் மொழிபெயர்ப்பில் வராத இரகசியம் இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறார். "அப்படியென்றால் நான் சின்ன வயதிலிருந்து வாசித்தது பாதி வேதம்தானா, தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இந்த மடலை எழுத வைத்தது.

அந்த எழுத்துகளை நானும் நேசிக்கிறேன். அவற்றை வாசிப்பதற்காகவே இரண்டு ஆண்டுகள் மாலை வகுப்புக்குப் போனேன். ஆகவே எழுத்துகளில் ஆவிக்குரிய பொருளே இல்லை என்று வாதாட வரவில்லை. வேதம் தானே எழுத்தைக் காட்டிப் பேசும் இடங்கள் இருக்கின்றன. அவை நம் பிரசங்கங்களில் ஏறக்குறைய வருவதே இல்லை. வேதம் பேசாத இடங்களில் நாம் ஏற்றிச் சொல்லும் பொருளோ மேடைதோறும் கேட்கிறது. என் மனத்தாங்கல் இதுதான்.

அதிகமாகக் கேட்கும் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். யெகோவா என்ற திருநாமத்தின் நான்கு எழுத்துகளைப் பிரித்து, "கையைப் பார், ஆணியைப் பார்" என்று சிலுவையை அதற்குள் காட்டுகிறார்கள். யோத் என்ற எழுத்தின் பெயர் கையைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது என்பது உண்மையே. ஆனால் ஆணி என்று அவர்கள் காட்டும் எழுத்தின் பெயரான வௌ என்ற சொல் வேதத்தில் வருவது ஆசரிப்புக் கூடாரத்துத் தூண்களின் கொக்கியைக் குறிக்க. தாவீது ஆலயத்துக்காகச் சேர்த்து வைத்த இரும்பு ஆணிகளுக்கு 1 நாளாகமம் 22-இல் வரும் எபிரெயச் சொல் வேறு. அதைவிட முக்கியமாக, அந்த நாமத்தின் பொருளை மோசே கேட்டபோது தேவன் எழுத்தைப் பிரித்துக் காட்டவில்லை. "இருக்கிறவராக இருக்கிறேன்" என்று, "இரு" என்னும் வினையிலிருந்தே விளக்கம் தந்தார். அவரே தந்த விளக்கத்தை ஒதுக்கிவிட்டு நாம் ஒரு விளக்கம் செய்து கொடுப்பது எனக்கு அச்சமூட்டுகிறது.

இரண்டாவது, ஆதியாகமத்தின் முதல் வசனம். "தேவன்" என்ற சொல்லை அடுத்து வரும் "ஏத்" என்ற சிறு சொல் ஆலெப், தௌ என்ற முதல் எழுத்தாலும் கடைசி எழுத்தாலும் ஆனது, அது மொழிபெயர்க்கப்படவே இல்லை, அங்கே கிறிஸ்து மறைந்திருக்கிறார் என்கிறார்கள். ஆங்கில வேதாகமத்தை வைத்துக்கொண்டு இதைச் சொன்னால் ஒருவேளை எடுபடலாம். தமிழ் வேதாகமத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்ல முடியும்? "வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்" என்று வாசிக்கிறோமே, அந்த இரண்டு "ஐ"களும்தான் இரண்டு "ஏத்"கள். நாம் பள்ளியில் படித்த இரண்டாம் வேற்றுமை உருபு செய்யும் வேலையை எபிரெயத்தில் அந்தச் சொல் செய்கிறது. "புத்தகம் வாங்கினேன்" என்பதற்கும், இன்ன புத்தகம் என்று தெரிந்த பிறகு "புத்தகத்தை வாங்கினேன்" என்பதற்கும் நாம் காட்டும் வேறுபாட்டைக்கூட எபிரெயம் அதே வகையில் காட்டுகிறது. குறிப்பிட்ட பொருளாக இருந்தால்தான் "ஏத்" வரும். யாத்திராகமம் 32-ஆம் அதிகாரத்தில் மோசே பொன் கன்றுக்குட்டியை எடுத்துச் சுட்டெரிக்கும் வசனத்திலும் கன்றுக்குட்டிக்கு முன்னால் அதே "ஏத்" நிற்கிறது. அங்கே யார் மறைந்திருப்பதாகச் சொல்வோம்?

சிலுவைமேல் வைத்த பலகையின் எபிரெய வாசகத்தில் முதலெழுத்துகள் சேர்ந்து திருநாமமாகும் என்பதும் இப்படித்தான். அந்த எபிரெய வாசகம் நமக்கு எழுத்துக்கு எழுத்தாக வந்து சேரவில்லை. வௌ கிடைக்க வேண்டுமானால், எபிரெயத்தில் அந்த எழுத்தால் எழுதப்படும் "உம்" என்ற இணைப்பை நடுவில் சேர்க்க வேண்டும், யோவானின் கிரேக்கத்தில் அந்த "உம்" இல்லை.

எழுத்துகளைத் தியானித்தவர்கள் திருச்சபையில் தொடக்கத்திலிருந்தே உண்டு என்பதை மறுக்கவில்லை. வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த எரோனிமுஸ் 384-இல் ரோமாபுரியிலிருந்து பவுலா அம்மையாருக்கு எழுதிய கடிதத்தில், 22 எழுத்துகளின் பெயர்களுக்கும் பொருள் சொல்லி, அவற்றைச் சரமாகக் கோத்துக் காட்டினார். பேத் என்பதை வீடு என்றார். அது எபிரெயத்தில் உள்ளதுதான். மற்றவற்றில் பல அவருடைய தியானம். அப்படித் தியானிப்பதில் தவறு காணமாட்டேன். தியானத்தைத் தியானம் என்று சொல்லாமல், மூலமொழியின் மறைபொருள் என்று சொல்லும்போதுதான் அந்த அம்மாவைப் போன்றவர்கள் தங்கள் கையிலுள்ள வேதத்தைக் குறைவாக எண்ணத் தொடங்குகிறார்கள்.

இனி, வேதமே எழுத்தைப் பேச வைக்கும் இடங்களுக்கு வருகிறேன்.

எசேக்கியேல் 9-ஆம் அதிகாரத்தில், எருசலேமின் அருவருப்புகளைக் கண்டு பெருமூச்சுவிட்டு அழுகிறவர்களின் நெற்றிகளில் "அடையாளம்" போடும்படி தேவன் கட்டளையிடுகிறார். அங்கே "அடையாளம்" என்று நாம் வாசிக்கும் சொல் தௌ, அதாவது கடைசி எழுத்தின் பெயரேதான். இன்று அச்சில் பார்க்கும் சதுர எழுத்துகள் பாபிலோன் சிறையிருப்புக்குப் பின் அரமேய எழுத்திலிருந்து வந்தவை. எசேக்கியேலின் காலத்துப் பழைய எபிரெய எழுத்தில் தௌ என்பது ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கோடுகள், ஒரு சிலுவைக் குறி. ஆதித் திருச்சபை அறிஞரான ஒரிகேன் இதைப் பதிவு செய்திருக்கிறார். இன்னொரு ஆதித் திருச்சபை எழுத்தாளரான தெர்த்துல்லியன் இந்த வசனத்தைச் சிலுவையோடு சேர்த்தே வாசித்தார். அசிசியின் பிரான்சிஸ் 1224-இல் சகோதரர் லியோவுக்குத் தம் கையால் எழுதிக்கொடுத்த ஆசீர்வாதத்தில் அந்த எழுத்தின் உருவை வரைந்தார், அந்தத் தோல் ஏடு இன்றும் அசிசியில் இருக்கிறது.

யோபு 31-இல், தன் வழக்கைச் சொல்லி முடிக்கும் யோபு "இதோ என் தௌ" என்கிறான், தன் கையொப்பத்தைக் குறித்து. எழுதத் தெரியாதவரும் போடக்கூடிய இரண்டு கோடுகள் அவை. நம் பழைய பத்திரங்களில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு: தற்குறி. கையெழுத்துப் போடத் தெரியாதவர் தமக்கென இடும் கீற்றுக்குப் பெயராக இருந்து, பின்னர் எழுத்தறிவில்லாதவரையே குறிக்கும் வசையாகிப் போன சொல். வகுப்பில் இதைச் சொன்னபோது, பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், தம் தகப்பனார் நிலப் பத்திரத்தில் இட்டிருந்த பெருக்கல் குறியைக் காற்றில் வரைந்து காட்டினார். அழுகிறவர்களின் நெற்றியில் தேவன் போடச் சொன்ன அடையாளமும் அதே உருவம் என்று சொன்னேன். வகுப்பு சற்று நேரம் அமைதியாயிற்று. இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

"ஒரு எழுத்தின் உறுப்பாகிலும் ஒழிந்துபோகாது" என்று ஆண்டவர் சொன்னதையும் இப்படிக் காட்டலாம். எபிரெயத்தில் டாலெத்துக்கும் ரேஷுக்கும் வேறுபாடு மேல்மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு முனை. அந்த முனை இருந்தால் "ஒருவரே" என்ற சொல். அது மழுங்கினால் "அந்நியன்" என்ற சொல்லாக வாசிக்க இடமாகிவிடும். ஆகவேதான் உபாகமம் 6:4-இல் "ஒருவரே கர்த்தர்" என்னுமிடத்து டாலெத்தையும், யாத்திராகமம் 34:14-இல் "அந்நிய தேவனை" என்னுமிடத்து ரேஷையும் படியெடுத்தவர்கள் பெரிதாக எழுதி வைத்தார்கள். புள்ளியிடாத ஓலைச்சுவடியைப் படித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமானது புலம்பலின் புத்தகம். ஆத்திசூடியை அகரவரிசையில் பாடி வளர்ந்த நமக்கு இந்த அமைப்பு அந்நியமானதல்ல. நகரம் எரிந்து, பிள்ளைகள் தெருவில் பசியால் மடிந்த பிறகு, புலம்புகிறவர் ஆலெப் தொடங்கி தௌ வரை ஒழுங்காக அழுகிறார். முதல் இரண்டு அதிகாரங்களும் நான்காவதும் 22 வசனங்கள்; மூன்றாவது அதிகாரம், எழுத்துக்கு மூன்றாக, 66 வசனங்கள்; ஐந்தாவதிலும் 22 வசனங்களே, ஆனால் எழுத்து வரிசை இல்லை. மூன்றாம் அதிகாரத்தில் ஹ போல ஒலிக்கும் கேத் எழுத்து வரும்போது மூன்று வசனங்களும் எப்படித் தொடங்குகின்றன என்று பாருங்கள்: ஹெசெத் (கிருபை), ஹதாஷ் (புதியது), ஹேலெக் (பங்கு). "கர்த்தருடைய கிருபையே", "காலைதோறும் புதியவைகள்", "கர்த்தர் என் பங்கு" என்று நாம் மனப்பாடமாக அறிந்த வசனங்கள்தாம். வரிசை அந்த எழுத்தில் வந்து நின்றபோது, இடிபாடுகளுக்கு நடுவே புலம்புகிறவருடைய வாய்க்கு இந்த மூன்று சொற்களும் வந்தன.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவே. 119-ஆம் சங்கீதத்தைப் பிரசங்கிக்கும்போது, மேலே உள்ள பெயர்கள் எழுத்துகளின் பெயர்கள் என்றும், அதன் கீழுள்ள எட்டு வசனங்களும் அந்த எழுத்தில் தொடங்குகின்றன என்றும் ஒரு நிமிடம் சொல்லுங்கள். எபிரெயத்தைச் சுட்டிப் பேசுமுன், அதைக் கற்பிக்கும் ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி ஆசிரியர்களே, உங்கள் மாணவர்கள் மேடையில் தவறாகச் சொல்வதைக் கேட்டால், மரியாதை கருதி மௌனமாக இருந்துவிடாதீர்கள். இவை யூத மக்கள் இன்றும் ஜெபிக்கும் எழுத்துகள் என்பதும் நம் நினைவில் இருக்கட்டும்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். "நீங்கள் வாசித்தது முழு வேதம்தான், அம்மா. இந்தப் பெயர்கள் அவர்களுடைய அ, ஆ, இ" என்றேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் ஒரு நோட்டோடு வந்தார். அகரம் தொடங்கி ஔகாரம் வரை ஒவ்வோர் உயிரெழுத்துக்கும் ஒரு ஸ்தோத்திர வரி, பென்சிலில் எழுதியிருந்தார். ஔ மட்டும் வரவில்லை என்றார். வகுப்பு முழுவதும் சேர்ந்து தேடினோம்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஒரு வேதபாட வகுப்பு ஆசிரியர்