இளவரசனும் நிழலும்

அன்புள்ள மாப்ளே,

நலம்தானே? தங்கச்சியின் முட்டி வலி குறைந்ததா? போனில் பேசினால் இரண்டு வீட்டிலும் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரைத் தானே படித்து எனக்குச் செய்தி சொல்கிறார். பெரியவன் கோயம்புத்தூரில் மூன்றாம் ஆண்டு.

அவன் லீவுக்கு வந்தபோது ஒரு கேம் இறக்கினான். நூறு ஜிபிக்கு மேல். ராத்திரி முழுக்க இறங்கிக்கொண்டே இருந்தது. காலையில் போட்டுக் காட்டினான். மழையில் குதிரை ஓடுகிறது, பிரமாதம். ஆனால் எனக்கு ஒரே ஒரு 1.2 எம்பி பிளாப்பியில் அடங்கிக் கிடந்த நம் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' கேம் ஞாபகம் வந்துவிட்டது.

கும்பகோணத்தில் நாம் டிபேஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் படிக்கப் போன கம்ப்யூட்டர் சென்டர் உனக்கு மறந்திருக்காது. செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏசி அறைக்குள் போவோம். கிளாஸ் முடிந்ததும் சார் டீ குடிக்கப் போகும் நேரம்தான் நமக்கு. அங்கே இருந்தது கறுப்பு வெள்ளை மானிட்டர். கேமில் வரும் மருந்துக் குப்பியிலிருந்து சிவப்புக் குமிழி வந்தால் உயிர் கூடும், நீலக் குமிழி வந்தால் விஷம். நமக்கு இரண்டும் ஒரே சாம்பல் நிறம்! ஒவ்வொரு குப்பியையும் குடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். எந்த மாடத்தில் எந்தக் குப்பி என்று நீ உன் நோட்டின் கடைசிப் பக்கங்களில் மேப் வரைந்து வைத்தாய். கலர் மானிட்டர் வைத்திருந்த யாருக்கும் அந்த விளையாட்டு இவ்வளவு மனப்பாடமாகியிருக்காது என்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த அந்தப் பழைய கேம் ஞாபகம் இருக்கிறதா? சென்டருக்கு வேகமான புது 486 கம்ப்யூட்டர் வந்த அன்று போட்டோம், என்ன ஏது என்று பார்ப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் வைரஸ் என்றாய் நீ. விஷயம் வேறு. அந்தக் காலத்துக் கேம்களில் பல 4.77 மெகாஹெர்ட்ஸ் பிசியின் வேகத்தை நம்பி எழுதப்பட்டவை. மிஷின் வேகமானால் கேமும் சேர்ந்து பறக்கும். பெட்டியின் முகப்பில் இருந்த டர்போ பட்டன் அதற்குத்தான். பெயர் டர்போ என்றாலும் பழைய கேமுக்காக வேகத்தைக் குறைக்கத்தான் அதை அழுத்த வேண்டியிருந்தது.

சரி, நான் சொல்ல வந்தது நிழல் மனிதனைப் பற்றி. நாலாவது லெவலில் கண்ணாடிக்குள் ஓடிக் குதித்தால் நம்மிடமிருந்தே ஒருவன் பிரிந்து ஓடுவானே, அவன். அடுத்த லெவலில் நமக்கு வைத்திருந்த மருந்தைக் குடித்துவிட்டுப் போவான், அதற்கடுத்ததில் கதவைச் சாத்தி நம்மைக் கீழே விழ வைப்பான். அவனை எப்படி யோசித்திருப்பார்கள் என்று அப்போதே வியந்திருக்கிறோம். சமீபத்தில்தான் முழுக் கதையையும் படித்தேன்.

ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் ஏறக்குறையத் தனியாளாக ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் எழுதி 1989-ல் வெளியிட்ட கேம் அது. தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை மாட்டி, ஓடவும் குதிக்கவும் தொங்கவும் விட்டு வீடியோ எடுத்து, ஒவ்வொரு சட்டகமாகப் பார்த்து வரைந்திருக்கிறார். இளவரசன் விளிம்பைப் பிடித்து ஏறும்போது உடம்பின் பாரம் தெரியுமே, அது அந்தத் தம்பியின் பாரம். இசை அப்பா போட்டது. ஓட்டமும் தாவலும் சேர்ந்தபோதே மெமரி நிரம்பிவிட்டது, எதிரிக்கு இடமில்லை. சண்டை இல்லாவிட்டால் சுவை இல்லை என்று தோழி டோமி பியர்ஸ் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் இளவரசனின் படத்தையே ஒரு பிட் தள்ளி, அதன் மேலேயே எக்ஸார் போட்டார்கள், அதாவது இரண்டும் ஒன்றாகப் படியும் இடம் அழிந்து, படியாத இடம் மட்டும் தெரியும். புதுப் படம் ஒன்றுகூட வரையாமல் ஒரு பளபளப்பான நிழல் எழுந்து வந்துவிட்டது! காவலாளிகளெல்லாம் அப்புறம் இடம் பண்ணிச் சேர்த்தவர்கள்தான்.

இடமில்லாமல் போனதால் பிறந்தவன்தான் அந்த விளையாட்டின் உயிரே. பன்னிரண்டாவது லெவலில் அவனை வெட்டினால் நம் உயிர்தான் குறையும். வாளை உறையில் போட்டுவிட்டு நடந்தால் இரண்டு பேரும் ஒன்றாகிவிடுவார்கள். கீழ் அம்புக்குறியை அழுத்திப் பார் என்று நீ சொன்ன நிமிடம் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. நூறு ஜிபியில் எனக்கு அப்படி ஒரு இடம் கிடைக்கவில்லை, மாப்ளே. மகனிடமும் இதைச் சொன்னேன். அவன் மறுக்கவில்லை, ஆடிப் பார்க்கிறேன் என்றான். மூன்றாவது லெவல் எலும்புக்கூட்டிடம் மாட்டிக்கொண்டு நிற்கிறான் இப்போது.

மெக்னரின் அப்பா 2012-ல் வீட்டில் பழைய பிளாப்பிப் பெட்டியைக் கண்டெடுத்து அனுப்ப, மூல நிரலை மீட்டு எல்லோருக்கும் பொதுவில் வைத்துவிட்டார்கள். நம் பிளாப்பிகள் பூஞ்சை பிடித்துப் போயே போய்விட்டன. ஆனால் பழையவற்றைச் சேர்த்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் இந்தக் கேம் பிரவுசரிலேயே ஓடுகிறது, நீயும் போட்டுப் பார்.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு வருகிறாய் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், மாற்றிவிடாதே. அந்த மேப் நோட்டு உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறதா என்று உன் தம்பியைப் பார்க்கச் சொல். இருந்தால் உடனே ஒரு போட்டோ அனுப்பு, எட்டாவது லெவலில் வழி தெரியாமல் நிற்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்