இடுப்பு உடைந்தவரைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றாதீர்கள்

ஆசிரியருக்கு,

பனையிலிருந்து விழுந்தவரை நாலு பேர் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி, ஓட்டோவுக்குள் மடக்கி இருத்திக் கொண்டுவருவார்கள். விபத்துப் பிரிவில் தாதியாக இருந்த காலத்தில் இதை எத்தனையோ தடவை பார்த்தேன். "ஒரு சொட்டு ரத்தமும் இல்லை மிஸ்ஸி, இடுப்புத்தான் நோகுதாம்" என்பார்கள்.

ரத்தம் உள்ளே போய்க்கொண்டிருக்கும். இடுப்பெலும்பு ஒரு வளையம். பெரிய அடி பட்டால் பெரும்பாலும் ஓரிடத்தில் மட்டும் உடையாது. அதன் பின்சுவரை ஒட்டி ஓடும் நாளங்கள் கிழிந்தால், வயிற்றுக்குப் பின்னால் லீற்றர் கணக்கில் ரத்தம் தேங்கும். வளர்ந்த ஒருவருக்கு இருப்பதே சுமார் 5 லீற்றர். நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்தவர் திடீரென வியர்த்து, கை கால் குளிர்ந்து, மயங்கிப்போவார். காலைப் பிடித்து இழுத்தால், உறையத் தொடங்கிய ரத்தமும் மறுபடி பெருகும்.

ஆகவே ஆளைக் கிடந்தபடியே விட்டு 1990 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018 முதல் எங்கள் பக்கமும் ஓடுகிறது, காசில்லை. அது வரும்வரை ஒரு வேட்டியையோ பெட்சீற்றையோ அகலமாக மடித்து, முழங்கால் மடிப்புக்குக் கீழால் நுழைத்து மேலே நகர்த்துங்கள். அப்படிச் செய்தால் ஆளைப் புரட்டத் தேவையில்லை. அந்தக் கட்டு, வேட்டி உடுக்கும் இடத்தில் வரக்கூடாது. அதற்குக் கீழே, தொடையின் பக்கவாட்டில் தட்டுப்படும் எலும்பு முனைக்கு நேராக இறுக்கிக் கட்ட வேண்டும். குடிக்கத் தண்ணீர் கொடுக்காதீர்கள், உடனே ஒப்பரேசன் தேவைப்படலாம்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். எலும்பு பொருந்தி வீட்டுக்குப் போன பிறகும் சிலருக்குச் சலம் அடக்க முடியாது. சிலருக்குச் சலக்குழாய் கிழிந்து, தழும்பு விழுந்து அடைத்துவிடும். நரம்பு பாதிக்கப்பட்டால் பாதம் தொங்கும், தாம்பத்தியமும் பாதிக்கப்படும். கிளினிக்குக்கு வரும் மனுசன் கால்நோவை மட்டும் சொல்லிவிட்டுப் போவார். மற்றதை மனைவி வாசலில் நின்று என்னிடம் மெல்லச் சொல்லுவா. பாவம், அவ வேறு யாரிடம் சொல்லுவா?

இடுப்பு உடைந்த பிள்ளைக்கு இனிக் குழந்தை பிறக்காது என்று கலியாணப் பேச்சை நிறுத்துவதும் பெரிய அநியாயம். பலர் பெற்றிருக்கிறார்கள். சிலருக்குச் சிசேரியன் தேவைப்படலாம், அவ்வளவுதான்.

அடைத்த சலக்குழாயைச் சத்திரசிகிச்சையால் சரிப்படுத்தலாம். மற்றக் குறைகள் பலவற்றுக்கும் மருந்தும் பயிற்சியும் இருக்கின்றன. நோயாளி வெட்கத்தில் வாய் திறக்கமாட்டார் என்பதால், கிளினிக்கில் வைத்தியர்களே இவற்றைக் கேட்க வேண்டும். அதுவும் பத்துப் பேர் வரிசையில் நிற்கும் மேசையில் வைத்தல்ல, கதவு சாத்திய அறையில்.

ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
சாவகச்சேரி