பிபிக்கு உப்பு மட்டும்தான் காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த பிபி கட்டுரை படிச்சேன். உப்பைக் குறைங்க, நடங்க, டென்ஷன் ஆகாதீங்கன்னு எழுதினது எல்லாம் சரிதான், ஆனா ஹார்மோன் பத்தி ஒரு வரிகூட இல்லாதது ரொம்ப வருத்தமா இருந்துச்சு.

கிட்னிக்கு வர்ற ரத்தத்தோட அழுத்தம் குறைஞ்சா அது ரெனின்னு ஒண்ணை விடும், அது கல்லீரல்ல இருந்து வர்ற ஒரு புரதத்தை வெட்டும், அப்புறம் முக்கியமா நுரையீரல்ல இருக்கற ஏசிஇ என்சைம் அதை ஆஞ்சியோடென்சின் 2 ஆக்கும், அது ரத்தக்குழாயை இறுக்கிட்டு அப்படியே கிட்னி மேல உக்காந்திருக்கற அட்ரினல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டிரோன்ங்கற ஹார்மோனைச் சுரக்க வைக்கும். இந்த ஆல்டோஸ்டிரோன்தான் உப்பையும் தண்ணியையும் உடம்புல பிடிச்சு வெச்சுக்கிட்டு பொட்டாசியத்தை யூரின்ல தள்ளிவிடுது. எத்தனையோ பேர் தினமும் போடற டெல்மிசார்ட்டான் மாத்திரை ஆஞ்சியோடென்சினைத்தான் தடுக்குது, ஆனா போடறவங்கள்ல பாதிப்பேருக்கு மேல இது தெரியாதுன்னு நினைக்கிறேன்.

பிபி ஏறினா ரெனின் குறைஞ்சு எல்லாம் அடங்கணும். சிலருக்கு அட்ரினல்ல சின்னக் கட்டி இருந்தாலோ, ரெண்டு சுரப்பியுமே மிதமிஞ்சி வேலை செஞ்சாலோ, ரெனின் அடங்கின பிறகும் ஆல்டோஸ்டிரோன் சுரந்துக்கிட்டே இருக்கும். ஜெரோம் கான்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1955லயே இதை எழுதிட்டார். என் மச்சானுக்கு சின்ன வயசுலயே பிபி வந்து, மூணு மாத்திரை போட்டும் இறங்கல, கால்ல பலமே இல்லன்னு சொல்லுவார், பொட்டாசியமும் கம்மி, ஆனாலும் ஊறுகாய் சாப்பிடாதீங்கன்னுதான் எல்லாரும் சொல்லிட்டிருந்தாங்க. கடைசியா ஒரு டாக்டரம்மா ஆல்டோஸ்டிரோன், ரெனின் ரெண்டுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னாங்க, அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது. இப்ப ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கற ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை போடறார், பிபி கட்டுக்குள்ள இருக்கு. பிபி இருக்கற எல்லாருக்குமே இந்த டெஸ்ட் பாக்கலாம்னு ஹார்மோன் டாக்டர்களோட அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி 2025ல பரிந்துரையே பண்ணியிருக்காங்க.

இன்னொண்ணு, அதிமதுரம். இருமலுக்கு நல்லதுதான்னு அதை நாள்கணக்கா கஷாயம் போட்டுக் குடிக்கறவங்க இருக்காங்க. அதை அதிகமா எடுத்தா உடம்புல இருக்கற கார்டிசால் ஹார்மோனே ஆல்டோஸ்டிரோன் செய்யற வேலையைச் செய்ய ஆரம்பிச்சிடும், பிபி ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிபி இருக்கறவங்க டாக்டரைக் கேக்காம இதைத் தொடவே கூடாது, அதேமாதிரி போட்டுக்கிட்டிருக்கற மாத்திரையையும் தானா நிறுத்தக்கூடாது.

அடுத்த இதழ்லயாவது ஒரு ஹார்மோன் டாக்டர்கிட்ட கேட்டு இதை விரிவா போடுங்க. முக்கியமா சின்ன வயசுலயே பிபி வந்தவங்க, மூணு மாத்திரைக்கும் இறங்காதவங்க டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு தெளிவா எழுதுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி