ப்ளக் பாயிண்ட் ஏன் கருகுகிறது? பத்தாம் வகுப்புக் கணக்கிலேயே பதில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலம் தொடங்கி வீடுகளில் கீசர் ஓட ஆரம்பித்துவிட்டால், என்னைப் போன்ற வயர்மேன்களுக்கு அடிக்கடி வரும் அழைப்பு இதுதான்: "பாத்ரூம் ப்ளக் பாயிண்ட் கருகிப்போச்சு, வந்து மாத்திக் குடுங்க." போய்ப் பார்த்தால் ப்ளக்கின் ஒரு பின் மட்டும் கறுத்திருக்கும். அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் இளகியிருக்கும். மாற்றிவிட்டுக் கிளம்பும்போது வீட்டுக்காரர் கேட்பார்: "எம்.சி.பி. போட்டிருக்கோமே, அது ஏன் ட்ரிப் ஆகல?"

நல்ல கேள்வி. (எம்.சி.பி. என்பது ஆம்பியர் அளவு மீறினால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்.) அதற்கான விடை பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் பிள்ளைகள் போடும் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். இவ்வளவுதான். ஆனால் அந்தக் கணக்கை வீட்டுச் சுவர் வரைக்கும் கொண்டுவர யாரும் சொல்லித் தருவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சமீபத்தில் உடுமலைப்பேட்டையில் ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். கீசரில் 2000 வாட், 230 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு. "இது எத்தனை ஆம்ப் இழுக்கும், சொல்லும்மா" என்றேன். உடனே 8.7 என்றாள். மின்தடை? 26 ஓம் சொச்சம். இரண்டுமே சரி. ஆனால் அந்த லேபிளை அவள் அன்றுதான் முதல்முறையாகப் படித்தாள். அவர்கள் அந்தக் கீசரைச் செருகியிருந்ததோ, 6 ஆம்ப் என்று அச்சிட்டிருந்த சின்ன ப்ளக் பாயிண்ட்டில், கடையில் விற்கும் ஒரு மாற்று ப்ளக்கை நடுவில் வைத்து. 8.7 ஆம்ப் ஓடப்போகிற இடத்தில் 6 ஆம்ப்! கணக்குத் தெரிந்த பிள்ளை இருக்கும் வீடு அது.

சரி, எம்.சி.பி. விஷயத்துக்கு வருகிறேன். அங்கே கீசரை ஓடவிட்டு அளந்தேன். எம்.சி.பி.யில் 226 வோல்ட், கீசரின் டெர்மினலில் 221 வோல்ட். ஒயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் காட்டும் க்ளாம்ப் மீட்டரில் 8.4 ஆம்ப். நடுவில் 5 வோல்ட் எங்கேயோ போகிறது. ஐந்தை 8.4ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 0.6 ஓம். எம்.சி.பி.யிலிருந்து பாத்ரூம் பத்து மீட்டர் இருக்கும். இரண்டரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயர் போய்வர 0.15 ஓம்தான் வரும். அதில் ஒன்றேகால் வோல்ட் குறைந்தால் நியாயம். மீதி மூன்றே முக்கால் வோல்ட் முழுவதும் அந்த லூஸான ப்ளக்கில் குறைகிறது. 3.75ஐ 8.4ஆல் பெருக்குங்கள்: 31 வாட்டுக்கு மேல். ஈயம் உருக்கிப் பற்ற வைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிட அதிகமான சூடு, விரல் நுனி அளவுள்ள ஓரிடத்தில், கீசர் ஓடும் நேரமெல்லாம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. பிளாஸ்டிக் என்ன செய்யும்?

எம்.சி.பி. ஓடுகிற ஆம்பியரைத்தான் பார்க்கும். லூஸ் கான்டாக்டால் மின்தடை கூடும்போது ஆம்பியர் ஏறாது, கொஞ்சம் இறங்கவே செய்யும். 16 ஆம்ப் எம்.சி.பி. 8.4 ஆம்புக்கு எதற்கு விழப்போகிறது? வெந்நீரும் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும், அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. ப்ளக் பாயிண்ட்டினுள் இருக்கும் பித்தளைப் பட்டையோ சூட்டில் இறுக்கம் குறைந்து, மேலே கறை பிடித்து, மின்தடை இன்னும் கூடும். சூடு இன்னும் ஏறும். வாடை வரும்போதுதான் கவனிக்கிறோம். இப்படிக் கருகினால் சாக்கெட்டை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை. கறுத்த பின்னுள்ள ப்ளக்கையும் மாற்ற வேண்டும், கருகிய ஒயர் நுனியை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு முடுக்க வேண்டும். கீசருக்கு 16 ஆம்ப் பாயிண்ட்டும் அதற்கேற்ற ஒயரும்தான் போட வேண்டும்.

பிள்ளைகளுக்கு வகுப்பில் வருகிற கணக்கு, 100 வாட் பல்பின் மின்தடை என்ன என்பது. விடை 529 ஓம். விடையில் தப்பில்லை, ஆனால் அந்தக் குண்டு பல்பே இப்போது வீடுகளில் அரிது. கிடைத்தாலும், எரியாத பல்பில் மீட்டரை வைத்தால் 40 ஓம் போலத்தான் காட்டும், ஏனென்றால் இழை சூடானால்தான் அதன் மின்தடை ஏறும். அதைப் பார்க்கிற பிள்ளை பாடம் பொய் என்றுதான் நினைக்கும். கீசர் காயில் நிக்ரோம் என்ற கலப்பு உலோகம் என்பதால் அவ்வளவு மாறாது. இணைப்பைக் கழற்றி மீட்டர் வைத்தால், போட்ட கணக்கும் மீட்டரும் ஏறக்குறைய ஒன்றாக வரும். கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எது?

இன்னொன்றும் இருக்கிறது. சாயங்காலம் வோல்டேஜ் 180க்கு இறங்கினால் கீசர் பழுதாகிவிட்டது என்று கூப்பிடுகிறார்கள். 180ஐ 180ஆல் பெருக்கி, கீசரின் மின்தடையான 26.45ஆல் வகுத்தால் 1225 வாட். 2000 வாட் கீசர் அப்போது அவ்வளவுதான் வேலை செய்யும், தண்ணீர் சுட நேரமாகத்தான் செய்யும். (மோட்டாருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. வோல்டேஜ் குறைந்தால் அது ஆம்பியரைக் கூட்டி இழுக்கும்.)

பள்ளிக் கல்வித் துறைக்கு உங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோள். மின்னோட்டப் பாடத்தில் வீட்டுச் சாதனங்களின் லேபிளைப் படித்து ஆம்பியர் கண்டுபிடிக்கும் கணக்குகளைச் சேருங்கள். அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு, கீசர் என்று பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சாதனங்களையே எழுதி வரட்டும். எந்த ப்ளக் பாயிண்ட்டில் எதைச் செருகியிருக்கிறார்கள் என்றும் எழுதட்டும். லூஸ் கான்டாக்ட்டில் எத்தனை வாட் சூடாகிறது என்று ஒரு கணக்காவது வர வேண்டும். கூடவே, லைனில் மின்சாரம் இருக்கும்போது அளப்பது வயர்மேன் வேலை, பிள்ளைகள் லேபிளைப் படித்துக் கணக்கு மட்டும் போட்டால் போதும் என்பதை அதே பக்கத்தில் கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவர்,
உடுமலைப்பேட்டை.