நம் தோட்டத்துப் பனி

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஊட்டிப் பக்கம் நாலு நாளாக நல்ல உறைபனி. தலைக்குந்தாவில் புல்தரை வெள்ளையாகக் கிடக்கிறது, வண்டி வண்டியாக வந்து போட்டோ எடுக்கிறார்கள். நான் விடியுமுன் எழுந்து கேரட்டுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

வார இறுதியில் கால்கரியிலிருந்து ராக்கி மலைக்கு, லிஃப்ட் இல்லாத சரிவுகளில் சறுக்கப் போகிறாயாமே, அம்மா சொன்னாள். போகாதே என்றால் கேட்கவா போகிறாய்? அதனால் பனிச்சரிவைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன்.

காற்றும் மேகமும் இல்லாத இரவில் புல் நுனியில் உறைபனி இறகு இறகாக முளைக்குமே, சின்ன வயதில் நாக்கால் தொட்டுப் பார்ப்பாயே, அதேதான் அங்கே பனியின் மேலும் முளைக்கிறதாம். இங்கே ஒன்பது மணி வெயிலில் கரைந்துவிடும். அங்கே கரையாமல் இருக்கும்போதே அடுத்த பனி விழுந்து மூடிவிட்டால் தீர்ந்தது: மேலே கெட்டிப் பலகை, அடியில் தெம்பில்லாத அந்த இறகுகள். வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். 30 முதல் 45 டிகிரிச் சரிவில் ஒருவர் ஏறினால் போதும், பலகை மொத்தமும் பெயர்ந்து வரும். சிக்குகிறவர்களில் பெரும்பாலோர் தாங்களோ கூட வந்தவரோ கிளப்பிவிட்டதில்தான் சிக்குகிறார்கள். வானம் பளிச்சென்று இருக்கிற நாளிலும்தான்.

2009 நவம்பர் மழை ஞாபகம் இருக்கிறதா? மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். மழை விட்டதும், இனி ஒன்றுமில்லை என்று நான் கீழ்த்தோட்டத்துக்கு இறங்கினேன். வரப்போரம் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அதைத் தாண்டிப் போனேன், மடையன். வீடு திரும்பி அரைமணிகூட ஆகவில்லை, அந்தத் துண்டு அப்படியே ஓடைக்குள் போய்விட்டது. உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. பனியில் அப்படி வெடிப்பு ஓடினாலோ, காலடியில் 'வும்' என்று அமுங்கும் சத்தம் கேட்டாலோ திரும்பிவிடு. (பனிச்சரிவுக்கு இங்கிலீஷில் அவலாஞ்ச். இங்கே நம் அவலாஞ்சி ஊருக்கே மண் சரிந்துதான் அந்தப் பெயர் வந்தது.)

அங்கே பனிச்சரிவு எச்சரிக்கை தருகிற அவலாஞ்ச் கனடா அமைப்பின் அறிக்கையில் ஆபத்துக்கு 1 முதல் 5 வரை எண் போடுகிறார்கள். 3 என்றால் நடுத்தரம்தானே என்று கிளம்பிவிடாதே, நிறையச் சாவு அந்த மூன்றில்தான். ஆபத்தான சரிவை ஒவ்வொருவராகக் கடந்து போங்கள்.

அப்புறம், பீக்கன் (புதைந்த இடத்தைச் சிக்னலில் காட்டும் கருவி), துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும் ஆளுக்கு ஒன்று வேண்டும். புதைந்தவரை 15 நிமிடத்துக்குள் கூட இருப்பவர்கள்தான் எடுக்க வேண்டும், ஹெலிகாப்டர் வரும்வரை தாங்காது. நீ பிளாஸ்டிக் மண்வெட்டி வாங்கியதாக அம்மா சொன்னாள். சரிந்து நின்ற பனி காங்கிரீட் மாதிரி இறுகிவிடும், பிளாஸ்டிக் உடைந்துபோகும். உலோகத்தில் வாங்கு. கேரட்டுக்கு இந்த வாரம் நல்ல விலை, பணம் அனுப்பட்டுமா?

அப்பா