பதினேழு நிமிட நேயர் விருப்பம்

சென்னை
28 ஜூன் 2020

அன்புள்ள மாப்ளே,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம், வீட்டுக்குள்ளேயே. 19ஆம் தேதியிலிருந்து மறுபடியும் முழு ஊரடங்கு. மளிகைக் கடை மதியம் இரண்டு மணி வரைதான். இன்றைக்கு ஞாயிறு, அதுவும் கிடையாது. இரண்டு வாழைக்காயை வைத்துக்கொண்டு உன் அண்ணி என்னவோ செய்கிறாள்.

அதே 19ஆம் தேதிதான் நம் அமெரிக்கப் பாட்டுக்காரர் பாப் டிலனின் புது ஆல்பம் 'ரஃப் அண்ட் ரவுடி வேஸ்' வந்தது. ஊரே கதவடைத்த அன்று வந்ததால் அதைக் கேட்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று. பையன் போனில் ஏற்றிக் கொடுத்தான். எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணவில்லை. நீ இரண்டு முறை கேட்டுவிட்டுத் தீர்ப்பே எழுதிவிட்டாய்: "குரல் போச்சு, மெட்டு திருட்டு, பாட்டுன்னு சொல்லிப் பேர்ப்பட்டியல் வாசிக்கிறார். 79 வயசுல மனுஷன் சும்மா இருக்கலாம்ல?" நம் கும்பலில் பாதிப் பேர் உன் கட்சிதான். ஒருத்தன், பாட்டு எழுதுகிறவருக்கு 2016இல் இலக்கிய நோபல் கொடுத்ததையே இன்னும் விடவில்லை. பிரிட்டனில் இந்த வாரம் இந்த ஆல்பம்தான் முதலிடம் என்றேன். "அங்கயும் எல்லாரும் வீட்லதானே இருக்காங்க" என்கிறான்.

முதலில் குரல். குரல் போச்சு என்று நீ சொல்வது இது எத்தனையாவது தடவை? ஹாஸ்டலில் வைத்தே சொன்னாய். உனக்கு டிலன் என்றால் 1975 வரைக்கும்தான், அதற்கப்புறம் வந்ததெல்லாம் கணக்கில் கிடையாது. 1966இல் மான்செஸ்டரில், டிலன் சாதா கிதாரை விட்டுவிட்டு எலெக்ட்ரிக் கிதாரைத் தூக்கியதற்காக "யூதாஸ்" என்று ஒருவன் கத்தினானே, அவன் ஜாதி நீ. குரல் உடைந்ததை நான் மறுக்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் வந்த 'டெம்பெஸ்ட்' ஆல்பத்தைப் போட்டால் தகரத்தில் ஆணியை இழுத்த மாதிரி இருக்கும், சில இடங்களில் எனக்கே பல் கூசும். ஆனால் அதற்கும் இதற்கும் நடுவில் அவர் என்ன செய்தார் என்று பார். 2015, 2016, 2017 என்று மூன்று ஆல்பம், 52 பாட்டு, ஒன்றுகூட அவர் எழுதியதில்லை. பெரும்பாலும் ஃப்ராங்க் சினாட்ரா என்ற அந்தக் காலத்து அமெரிக்கப் பாடகர் பாடிய பழைய பாட்டுகள். அப்போது நாம் எல்லோரும் சிரித்தோம், நானும்தான். இப்போதுதான் தெரிகிறது, அது குரல் சாதகம். கத்தாமல், மைக்குக்குப் பக்கத்தில் நின்று, இருக்கிற குரலுக்குள்ளேயே வரியை முடிக்க அந்த வயதில் உட்கார்ந்து பழகியிருக்கிறார். கர்நாடக சங்கீத வித்வான் செம்மங்குடியை எண்பது தாண்டியும் போய்க் கேட்டவர்கள் குரல் இனிமைக்காகவா போனார்கள்? உன் அப்பாவே போவாரே, சைக்கிளை எடுத்துக்கொண்டு.

மெட்டு விஷயத்தில் நான் பாதி உன் பக்கம். இதில் 'ஃபால்ஸ் ப்ராஃபெட்' என்று ஒரு பாட்டு இருக்கிறதே, அது 1954இல் மெம்ஃபிஸ் சன் ரெக்கார்ட்ஸ் கம்பெனியில் பில்லி 'தி கிட்' எமர்சன் என்பவர் போட்ட ஒரு இசைத்தட்டின் கிதார் இழுப்பு, அச்சு அசலாக. எழுதியவர் என்று டிலன் பெயர் மட்டும்தான் போட்டிருக்கிறது. ஒருவர் மெட்டில் இன்னொருவர் பாட்டுக் கட்டுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. நம் ஊர் நாடகப் பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே "இன்ன பாட்டின் வர்ணமெட்டு" என்று ஒரு வரி போட்டிருப்பான். சாணித் தாளில் அடித்துத் திருவிழாவில் விற்றவனுக்கு இருந்த அந்த ஒரு வரி மரியாதை இவருக்கும் இருந்திருக்கலாம்.

இதில் என் மானம் போன கதையும் உண்டு. எமர்சனைப் பற்றி இரண்டு நாளாகப் போனில் எல்லோருக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் 'ஐ'வ் மேட் அப் மை மைண்ட்' என்ற பாட்டு ஓடியது, பின்னால் ஆண்கள் வாயை மூடி முனகுவார்களே, அது. அடுப்படியிலிருந்து உன் அண்ணி, "இது அந்த இத்தாலிப் படத்துல வர்ற பாட்டுதானே, அப்பாவும் பையனும் கேம்ப்ல இருப்பாங்களே?" என்றாள். 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' படம், அதேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஃபன்பாக் என்ற இசையமைப்பாளர் தன் ஆபெராவுக்கு, அதாவது இசை நாடகத்துக்கு, போட்ட படகுப்பாட்டு. நாற்பது வருஷ டிலன் ரசிகனுக்குப் பிடிபடாதது தாளிப்புக்கு நடுவில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. "யாரு இவரு, தொண்டைக்கு மிளகு கசாயம் குடிக்கச் சொல்லுங்க" என்று அதற்கு முந்தின நாள் சொன்னவளும் அவள்தான்.

சரி, பேர்ப்பட்டியலுக்கு வருகிறேன். உன்னோடு நிஜமாகச் சண்டை போட வேண்டியது இங்கேதான்.

இந்த ஆல்பத்தின் 'மர்டர் மோஸ்ட் ஃபவுல்' பாட்டு மார்ச் 27ஆம் தேதியே தனியாக வந்துவிட்டது, நம் முதல் ஊரடங்கின் மூன்றாம் நாள். கிட்டத்தட்ட பதினேழு நிமிஷம். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியை டல்லஸில் சுட்டதில் ஆரம்பித்து, பாதிக்கு மேல் வுல்ஃப்மேன் ஜாக் என்கிற ரேடியோக்காரரைக் கூப்பிட்டு, அதைப் போடு, இதைப் போடு, நாட் கிங் கோல் போடு, மங்க் போடு, சார்லி பார்க்கர் போடு என்று பழைய ஜாஸ்காரர்களையெல்லாம் கேட்டுக்கொண்டே போகிறார். பின்னால் பியானோவும் இழுத்து வாசிக்கிற தந்திகளும், தாளம் என்று பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. நீ இதைப் பட்டியல் என்கிறாய். டேய், இது நேயர் விருப்பம்! ஹாஸ்டல் மொட்டை மாடியில், துணி காயப்போடும் கம்பியில் ஏரியலைச் சுற்றிவிட்டு இலங்கை வானொலி பிடிப்போமே. பாட்டைவிட, விரும்பிக் கேட்டவர்கள் என்று ஊர் ஊராகப் பெயர் வாசிப்பதைத்தானே நீ வாயைப் பிளந்து கேட்பாய்? நம் கார்டு வரவே இல்லை என்று ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தவன் நீ. (சரி, ஒரு வேளை.) ஒரு சாவு செய்தி வந்தபிறகு விடிய விடிய பாட்டுக் கேட்கிறவனின் பாட்டு இது. கடைசியில் எதைப் போடச் சொல்லி முடிக்கிறார் தெரியுமா? இதே 'மர்டர் மோஸ்ட் ஃபவுல்' பாட்டை. நீ அதுவரைக்கும் கேட்டிருக்க மாட்டாய்.

'கீ வெஸ்ட்' பாட்டையும் இப்படித்தான் கேட்க வேண்டும். ஒன்பதரை நிமிஷம், அக்கார்டியன் அலை மாதிரி வந்து வந்து போகும். அதுவும் சுடப்பட்ட ஒரு ஜனாதிபதியில்தான் ஆரம்பிக்கிறது, 1901இல் செத்த மெக்கின்லி. அதிலும் ரேடியோ. ஃப்ளோரிடாவின் தென்கோடித் தீவில் ஒருவன் உட்கார்ந்துகொண்டு லக்சம்பர்க், புடாபெஸ்ட் என்று எங்கிருந்தோ வருகிற திருட்டு ஸ்டேஷனுக்காகக் குமிழைத் திருகிக்கொண்டிருக்கிறான். அந்தப் பாட்டில் அவர் சத்தத்தைக் கூட்டவே இல்லை, தூரத்து ஸ்டேஷன் மாதிரியேதான் குரல் வருகிறது. 1975 குரலில் இதைப் பாடியிருந்தால் கெட்டுப் போயிருக்கும் என்பது என் கட்சி.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. 'கிராஸிங் தி ரூபிகான்' பாட்டு ஏழு நிமிஷத்துக்கு மேல் ஒரே ப்ளூஸ் மெட்டை மாவாட்டுகிறது. இரண்டு தடவை தூங்கிவிட்டேன்.

அப்புறம், உன் சுகர் எப்படி இருக்கிறது? மாத்திரைக்கு நீயே கடைக்குப் போகாதே, பையனை அனுப்பு. இ-பாஸ் கொடுக்க ஆரம்பித்ததும் ஒரு நடை வருகிறேன். அதற்குள் அந்தப் பதினேழு நிமிஷத்தை ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு மேல், லைட்டை அணைத்துவிட்டு முழுசாகக் கேள். டிரான்சிஸ்டர் உன் வீட்டுப் பரணில்தானே கிடக்கிறது? நான் வரும்போது எடுத்து வை, எவரெடி நான் வாங்கி வருகிறேன்.

உன் பழைய ரூம்மேட்