மல்லிகாவுக்கு, பிஸ்கட் டப்பாவை எடுத்து ஒளித்துவைக்கச் சொல்லி

அன்புள்ள மல்லிகா,

உன் குரல் செய்தியைக் கேட்டேன். ரமணி மகள் கல்யாணத்துக்கு வராததற்கு நீ திட்டிய திட்டையும் முழுசாக வாங்கிக்கொண்டேன், அதற்குத் தனியாகச் சண்டை போடலாம். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி, அவளுடைய எண்ணெய், அவளுடைய பிடிவாதம். போதும். இனி, நீ புதுசாக வீட்டுக்குக் கொண்டுவந்த நாய் லட்டுவின் விஷயம்.

"வந்து பத்து நாளாச்சு, ஒரு சத்தமில்லை, கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கு, யார் தூக்கினாலும் அசையாது, அவ்வளவு சமர்த்து" என்றாயே, அங்கேதான் எனக்குத் திக்கென்றது. சமர்த்தாவது மண்ணாவது! அது பயந்து உறைந்துபோய்க் கிடக்கிறதடி. தூக்கும்போது உடம்பு விறைக்கிறதா, உதட்டை நக்குகிறதா, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுகிறதா, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கிறதா என்று கவனி. இதெல்லாம் 'என்னை விட்டுவிடு' என்று நாய் சொல்லும் விதம். ஏழு வருஷம் குட்டி போடுவதற்கென்றே கூண்டில் வைத்திருந்த பொமரேனியனுக்கு உன் வீட்டு வழவழப்புத் தரை, மின்விசிறி, குக்கர் விசில், மாடிப்படி எல்லாமே புதுசு. அதோடு உன் அத்தையின் குரல் வேறு.

அதனால் முதல் வேலை, யாரும் தூக்கக் கூடாது. பேரன் உள்பட. கட்டிலடியிலிருந்து இழுக்கவும் கூடாது. அங்கேயே ஒரு பழைய புடவையை மடித்துப் போட்டு, தண்ணீர்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வை. நடக்கும் வழியில் தேங்காய்நார் மிதியடியோ சாக்கோ விரித்தால் கால் வழுக்காது. வழுக்கும் தரையில் குதித்தால் சின்ன நாய்களுக்குப் பின்னங்கால் முட்டிச் சில்லு இடம் மாறலாம். நடக்கும்போது ஒரு காலைத் தூக்கி நொண்டி, நாலு எட்டில் சரியாகிவிட்டால் அதுதான் காரணமாக இருக்கும், டாக்டரிடம் சொல். நீ தினம் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார், பேப்பர் படி, அதைப் பார்க்காதே. வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்றை அதைத் தாண்டி விழும்படி போடு. அதுவாக வந்தால் தாடைக்குக் கீழே மார்பில் சொறிந்துவிடு. தலைக்கு மேலே கை போனால் அடி என்றுதான் நினைக்கும். மூன்று விநாடி தொட்டுவிட்டுக் கையை எடு. இன்னும் வேண்டுமென்றால் அதுவே ஒட்டிக்கொள்ளும். இதற்கு வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

பயம் தெளியும்போது ஓடப் பார்க்கும். உன் கேட்டின் கம்பி இடைவெளி எனக்கு ஞாபகமிருக்கிறது. பூனை மட்டுமில்லை, லட்டுவும் நுழையும். கீழ்ப்பக்கம் இரண்டடி உயரத்துக்கு நைலான் வலை கட்டிவிடு. கழுத்துப்பட்டையில் உன் போன் நம்பர் மட்டும் தொங்கட்டும், கயிற்றை மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸில் மாட்டு. இந்தச் சாதிக்கு மூச்சுக்குழல் வளையங்கள் தளர்ந்துபோவது சகஜம். கழுத்தில் இழுபட்டால் வாத்து கத்துவதுபோல ஒரு வறட்டு இருமல் வரும்.

இனிமேல்தான் நான் எழுத உட்கார்ந்த விஷயம். வாயைத் திறந்து பார்த்தாயா? "வாய் கொஞ்சம் நாறுது, நாய்னா அப்படித்தானே" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனாய். அப்படியில்லை. பெரிய நாய்க்கும் 42 பல், இத்துனூண்டு தாடைக்கும் அதே 42. நெருக்கியடித்து முளைத்த பற்களின் இடுக்கில் அழுக்கு சேர்ந்து, இரண்டு மூன்று நாளில் காரையாக இறுகிவிடும். ஈறுக்குக் கீழே அது போன பிறகு எலும்பையே அரிக்கத் தொடங்கும். கூண்டில் இருந்த நாய்க்கு யார் பல் பார்த்திருப்பார்கள்? மேல் கோரைப் பல்லின் வேர் புரையோடினால் மூக்குக்கே ஓட்டை விழும். சாப்பிட்டதும் தும்மல், ஒரு பக்க மூக்கில் மட்டும் சளி என்று தெரியும். கண்ணுக்குக் கீழே திடீரென்று வீங்கினால் பூச்சிக்கடி என்று விட்டுவிடாதே, பெரும்பாலும் மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ். கீழ்த் தாடை எலும்பு அரித்து மெலிந்துபோனால், கட்டிலிலிருந்து குதித்தாலே முறியும்.

"நல்லாச் சாப்பிடுதே" என்பாய். பல்வலியோடும் நாய் சாப்பிடும். மெல்லாமல் விழுங்கும், ஒரு பக்கமாகத் தலையைச் சாய்க்கும், வாயிலிருந்து கீழே விழவிடும். உன் லட்டு பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்தால்தான் தின்கிறது என்றாயே, அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். தொட்டால் விறைப்பதில் பாதி பயம், பாதி வலியாகவும் இருக்கலாம்.

இதற்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். மயக்கமில்லாமல் சுரண்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடு. வெளியே வெள்ளையாகும், ஈறுக்குக் கீழே உள்ளது அப்படியே இருக்கும். மயக்கத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை கேள்: சிறுநீரகம், கல்லீரல், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள். முடிந்தால் பல் எக்ஸ்ரேயும். வயதைக் காட்டி யாராவது தயங்கினால் சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் இன்னொரு கருத்து கேள். ஏழு வயது மயக்கத்துக்குத் தடையில்லை, பரிசோதனை சரியாக இருந்தால் போதும். ஆடும் பற்களைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். அழாதே, இரண்டு வாரம் குழைந்த சாப்பாடு கொடுத்தால் ஈறு ஆறிவிடும். பாதிப் பல் இல்லாமலும் நன்றாகச் சாப்பிடும். தினம் பல் தேய்ப்பது அதற்குப் பிறகுதான். புண்ணான வாயில் இப்போதே பிரஷ்ஷை விட்டால் உன் கையைக் கண்டாலே ஓடும். முதலில் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு துணுக்குக் கோழி. அப்புறம் விரலில் துணி சுற்றி வெளிப்பக்கம் மட்டும். பிறகு குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ், நாய்க்கென்றே விற்கும் பேஸ்ட். நம் பேஸ்ட் ஆகாது. அதைத் துப்பத் தெரியாது, ஃப்ளோரைடு உள்ளே போகும், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்திருந்தால் ரத்தத்தில் சர்க்கரை அளவு சரிந்து உயிருக்கே ஆபத்து.

அந்த மயக்கத்திலேயே கருத்தடையும் முடியுமா என்று டாக்டரைக் கேள். சிலர் சேர்த்துச் செய்வார்கள், சிலர் வாயிலுள்ள கிருமிக்குப் பயந்து தனியாகச் செய்வார்கள். எப்படியானாலும் தள்ளிப்போடாதே. தீட்டு நின்று ஒன்றிரண்டு மாதத்தில், குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, சோர்ந்து படுத்து, சாப்பாட்டை மறுத்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். கசிவு வெளியே தெரியாமலும் வரும். அன்றைக்கே ஆஸ்பத்திரி, காலையில் பார்க்கலாம் என்பது கூடாது. பால்மடியில் கட்டி ஏதாவது நெருடுகிறதா என்றும் தடவிப் பார்க்கச் சொல்.

சாப்பாடு. வெறும் தயிர்சாதம் போதாது, அதில் புரதம் எங்கே? அஞ்சு கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 300 கலோரி போதும். ஒரு மேரி பிஸ்கட்டிலேயே 25 போய்விடும். உன் வீட்டுக்காரர் காபிக்கு ரெண்டு, அத்தை டீக்கு ரெண்டு, பேரன் கணக்கில்லாமல்... அந்த டப்பாவைப் பரண்மேல் ஏற்று. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எதுவும் வேண்டாம். காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று அத்தை குரோசினை உடைத்துப் போட்டுவிடப் போகிறார், முன்கூட்டியே சொல்லி வை. நம் வலி மாத்திரைகள் நாய்க்கு விஷம்.

வெயில் என்று முடியை மொட்டையடிக்காதே. இந்த இரட்டை ரோமம் சில சமயம் திரும்ப முளைப்பதே இல்லை. காதுக்குப் பின்னால், அக்குளில், தொடையில் உள்ள சிக்கைக் குளிப்பாட்டுவதற்கு முன்பே நுனியிலிருந்து எடு. நனைந்தால் இறுகும். கட்டைவிரல் நகம் வளைந்து தோலுக்குள் போயிருக்கிறதா பார், கூண்டு நாய்களுக்கு அது தேயவே தேயாது.

உண்ணி கடைசி. காது மடிப்பு, விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடி, வாலடி, இந்த இடங்களில் தினம் விரலை ஓட்டு. இருந்தால் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழு. மண்ணெண்ணெய் வேண்டாம், நசுக்கவும் வேண்டாம், சோப்புத் தண்ணீரில் போடு. குடித்து வீங்கிய உண்ணி கீழே விழுந்து சுவர் வெடிப்பில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சாப்பாட்டை மறுத்தல், காய்ச்சல், ஈறு வெளுத்தல், மூக்கில் ரத்தம், இதில் எதைக் கண்டாலும் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்க்கச் சொல். தட்டணு குறைந்திருந்தால் பல் ஆபரேஷனும் தள்ளிப்போகும், அதனால் இதையும் முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

பக்கத்து வீட்டு லாப்ரடாரின் உண்ணி மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தரலாமா என்று கேட்டாயே, கூடாது. மருந்து மாத்திரை முழுக்கச் சீராக இருக்கும் என்று சொல்ல முடியாது. இதற்கெல்லாம் எடைக் கணக்குதான், ஒவ்வொரு எடை வரம்புக்கும் வேறு அளவு. முன்பு வலிப்பு வந்த நாய் என்றால் அந்த மாத்திரையே யோசித்துத்தான் கொடுப்பார்கள், கூண்டுக்காரரிடம் அதையும் விசாரி. எடையை வீட்டுத் தராசில் உத்தேசமாகப் போடாதே, ஆஸ்பத்திரியில் போட்டு எனக்கு அனுப்பு. கூடவே உதட்டைத் தூக்கி ஒரு போட்டோ, தூக்க விட்டால்.

அன்புடன்,
கலா